காபன் சைக்கிள் கட்டுகிறவர் கவனத்துக்கு

வண்ணாத்திவில்லுப் பக்கம் ஓடுகிற சைக்கிள்களில் பெரும்பாலானவை இரும்பு. லுமாலாவோ பழைய இந்திய வண்டியோ, பிரேம் வெடித்தால் புத்தளம் டவுனில் ஒரு வெல்டிங் கடை போதும். மீன் பெட்டி கட்டிய வண்டி அன்றைக்கே மறுபடி ரோட்டில் ஓடும். காபன் பிரேமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது உலோகமே அல்ல. காபன் நாரிழைகளை எபொக்சிப் பசையில் தோய்த்து, படைமேல் படையாக அச்சில் அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கி எடுத்த பொருள். வெல்டிங் சூடு பட்டால் பசை கருகிவிடும், அத்தோடு பிரேமின் கதை முடியும்.

முன்னும் பின்னும் ஷொக் பூட்டிய காபன் மலைச் சைக்கிளின் விலை, நல்ல கம்பனி என்றால், பத்து லட்சம் ரூபாவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அதனால்தான் பலர் முழு வண்டியாக வாங்காமல், பிரேம் ஓரிடம், போர்க் இன்னோரிடம், சில்லு வேறோரிடம் என்று தேடிச் சேர்த்துக் கட்டுகிறார்கள். ஆசையும் நியாயம், கணக்கும் நியாயம். ஆனால் கணக்கில் விட்டுப்போவது ஒன்று உண்டு. கம்பனி கட்டி விற்கும் வண்டிக்குப் பொறுப்பாளி ஒருவர்தான். துண்டு துண்டாகச் சேர்த்த வண்டியில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பொறுப்பாளி இருப்பார். அவற்றைச் சேர்த்துப் பூட்டியதற்குப் பூட்டியவர் மட்டுமே பொறுப்பு. சைக்கிள்களின் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 4210 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. பிரேம், போர்க், பிரேக் எல்லாவற்றையும் அதன்படி சோதிக்கலாம். அப்படிச் சோதித்து விற்கப்படுவது கம்பனியின் சேர்மானம். வீட்டு விறாந்தையில் கட்டிய சேர்மானத்தை யாரும் சோதித்ததில்லை.

காபன் பலவீனமான பொருள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இழைகள் ஓடும் திசையில் அது எடைக்கு எடை இரும்பை மிஞ்சும். அதன் குணம் வேறு, அவ்வளவுதான். இரும்பு வளைந்து காட்டும், பிறகுதான் முறியும். காபன் பல தடவை வளையாமலே முறியும். ஒரு கல் எகிறிக் கீழ்க்குழாயில் அடித்தால் வெளியே பெயின்ற் கீறல் மட்டும் தெரியலாம். உள்ளே படைகள் பிரிந்திருக்கலாம். காசு ஒன்றால் தட்டிப் பார்ப்பது பழைய உத்தி. நல்ல இடம் கணீரென்று கேட்கும், பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும். சந்தேகம் எழுப்ப அது போதும், சந்தேகத்தைத் தீர்க்கப் போதாது. தீர்த்துச் சொல்ல மீயொலிக் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

விழுந்த வண்டியை நம்பக்கூடாது என்பதற்கு உலகறிந்த உதாரணம் 2006 ஏப்ரலில் நடந்த பாரிஸ்–ரூபே ஓட்டப் போட்டி. அமெரிக்க வீரர் ஜோர்ஜ் ஹின்காபியின் ட்ரெக் வண்டியில் போர்க்கின் மேல்தண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே முறிந்தது. ஹான்டில் கையோடு வர, அவர் தரையில் விழுந்தார். அந்தத் தண்டு காபன் அல்ல, அலுமினியம். அதே போட்டியில் முன்னர் விழுந்தபோது பட்ட அடிதான் காரணம் என்று கம்பனி பின்னர் சொன்னது. உலகத்தின் சிறந்த மெக்கானிக்குகள் காரில் பின்தொடர்ந்து வந்த போட்டியில் நடந்தது இது.

முறிவுக்கு விழவேண்டும் என்றுகூட இல்லை, அளவுக்கு மீறி இறுக்கினாலே போதும். ஹான்டிலைப் பிடிக்கும் ஸ்டெம், இருக்கைத் தண்டைப் பிடிக்கும் வளையம் ஆகியவற்றின் சிறிய ஆணிகளுக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீற்றர் முறுக்குத்தான் அளவு. சரியான அளவு ஆணிக்குப் பக்கத்திலேயே அச்சடிக்கப்பட்டிருக்கும். மோட்டார் சைக்கிள் கராஜில் பழகிய கை, நீட்டுச் சாவியில் ஒரு தம் பிடித்தால் இதைவிடப் பல மடங்கு போய்விடும். முறுக்கை அளந்து இறுக்கும் டோர்க் சாவி ஒன்று வாங்காமல் காபன் வண்டி கட்டப் புறப்படக்கூடாது. வழுக்காமல் பிடிக்கவென்று விற்கும் மணல்போன்ற பசையைத் தடவினால், குறைந்த இறுக்கத்திலேயே தண்டு நிற்கும்.

இனி இந்தக் கரைக்கே உரிய ஆபத்து: உப்பு.

புத்தளம் உப்பளங்களுக்குப் பெயர்போன மாவட்டம். களப்பிலிருந்து வரும் காற்றிலேயே உப்பு இருக்கிறது. காபனும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்க, இடையில் உப்பீரம் புகுந்தால் அந்த இணைப்பு ஒரு சின்ன மின்கலமாகவே வேலை செய்யத் தொடங்கும். அதில் காபனுக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாகும். காபன் பிரேமுக்குள் இறங்கிய அலுமினிய இருக்கைத் தண்டு சில மாதங்களில் இறுகிப்போய், எந்தப் பலத்துக்கும் வெளியே வராமல் அடம்பிடிக்கும். பலவந்தமாகத் திருகினால் பிரேம் வெடிக்கும். காபன் ரிம்மில் ஸ்போக் கம்பிகளைப் பிடிக்கும் அலுமினிய நிப்பிள்கள் இன்னும் மோசம். ஒருநாள் ஓடும்போதே ஒவ்வொன்றாகத் தெறிக்கும். கட்டும்போதே பித்தளை நிப்பிள் கேட்டு வாங்குவது சில கிராம் எடை கூடினாலும் புத்திசாலித்தனம். கரைத்தீவுப் பக்கமோ கங்கேவாடியில் கலா ஓயா களப்பைச் சேரும் கண்டல் கரையிலோ ஓட்டிவிட்டு வந்தால், அன்றே நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்கவேண்டும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பெயாரிங்குக்குள் போகும், மெதுவாக ஊற்றிக் கழுவலாம். மாதம் ஒருமுறை இருக்கைத் தண்டைக் கழற்றித் துடைத்துப் பூட்டினால் அது இறுகாது. இதைச் செய்யாமல் அரித்துப்போனால் உத்தரவாதத்தில் கேட்கவும் முடியாது. அரிப்பும் தேய்மானமும் பெரும்பாலான உத்தரவாதப் பத்திரங்களில் விலக்கப்பட்டவை.

பிரேக் எண்ணெயிலும் ஒரு பொறி இருக்கிறது. ஷிமானோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் எண்ணெய். ஸ்ராம் பிரேக்குகளில் பலவற்றுக்கு டொட் 5.1 திரவம், அதன் சில புதிய மாடல்களுக்கு மட்டும் மினரல் எண்ணெய். ஊரிலுள்ள மோட்டார் உதிரிப்பாகக் கடையில் கேட்டால் கிடைப்பது டொட் திரவம்தான். அதை ஷிமானோ பிரேக்கில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். அன்று பிரேக் பிடிக்கும், இன்னொரு நாள் இறக்கத்தில் பிடிக்காது. பின் ஷொக்கில் 200 பீஎஸ்ஐக்கும் மேல் காற்று அடைபட்டிருப்பது வழக்கம். அந்தக் காற்றை முழுதாக இறக்காமல் குப்பியைத் திறந்தால் அது துப்பாக்கிக் குண்டுபோலப் பாயும். ரயர் கடைக் கொம்பிரசரை அதில் வைக்கவே கூடாது. ஷொக்குக்கென்று தனிக் கைப் பம்பு உண்டு.

உண்மையைச் சொன்னால், இந்தப் பக்கத்துத் தட்டையான செம்மண் பாதைகளுக்கும் மரமுந்திரிகைத் தோட்டங்களுக்கும் முன் ஷொக் மட்டும் உள்ள அலுமினிய வண்டியே போதும். இருந்தாலும் ஆசைக்கு அணை போடுவது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. எங்கே ஓட்டக்கூடாது என்பதை மட்டும் சொல்லவேண்டும். இலவங்குளத்துக்கு வடக்கே தொடங்குவது வில்பத்து தேசியப் பூங்கா. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் அதற்குள் நுழைவது குற்றம். அது சைக்கிள் ஓடும் இடமும் அல்ல, யானை நிற்கும் இடம். பூங்காவுக்கு வெளியிலும் விடியலிலும் அந்தியிலும் காட்டோரப் பாதைகளைத் தவிர்ப்பது நல்லது. விழுந்து அடிபட்டால் இலவச அம்புலன்ஸ் சேவையின் எண் 1990.

வாங்குவதற்கு வருவோம். பெயரில்லாத சீனப் பிரேமும் போலிப் பிரேமும் ஒன்றல்ல. முன்னது தன் பெயரில் தானே விற்கும். சோதனை அறிக்கை கேட்டு வாங்கினால் தரமானதும் அகப்படும். பின்னது பெரிய கம்பனியின் பெயரை ஒட்டிக்கொண்டு பாதி விலையில் வரும். உள்ளே எத்தனை படை அடுக்கினார்கள் என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். அடையாளம் காணக் குறுக்குவழி இல்லை. பெடல் அச்சு இருக்கும் இடத்துக்குக் கீழே பொறித்த தொடரிலக்கத்தைப் படம் எடுத்துக் கம்பனிக்கு அனுப்பிக் கேட்பதே வழி. அதே இலக்கம் திருட்டு வண்டியா என்பதை விசாரிக்கவும் உதவும். திருட்டுச் சாமான் என்று தெரிந்துகொண்டு வைத்திருப்பதும் இலங்கைத் தண்டனைச் சட்டத்தில் குற்றம்.

பாவித்த வண்டி வாங்குகிறவர் கேட்க மறக்கும் கேள்வி, கம்பனி இதைத் திருப்பி அழைத்ததா என்பது. 2015 ஏப்ரலில் ட்ரெக் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 9 லட்சம் சைக்கிள்களைத் திருப்பி அழைத்தது. முன் சில்லைக் கழற்றும் நெம்புகோல் திறந்த நிலையில் தொங்கினால், டிஸ்க் பிரேக்கின் தட்டில் மாட்டிச் சில்லை நிறுத்திவிடும் அபாயம் இருந்தது. அப்படி விழுந்த ஒருவரின் கைகால்கள் செயலிழந்தன. அதே ஆண்டு செப்டெம்பரில் இதே கோளாறுக்காக வேறு 13 நிறுவனங்கள் சேர்ந்து இன்னும் சுமார் 13 லட்சம் வண்டிகளை அழைத்தன. நெம்புகோலை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்து வண்டி ஒன்று கப்பலேறி இங்கே வந்திருந்தால், அதை வாங்கியவருக்கு இந்தச் செய்தி வந்திருக்குமா?

உத்தரவாதத்தில் சிக்கலே அதிகம். ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று விளம்பரத்தில் வரும் வாழ்நாள் பெரும்பாலும் முதல் வாங்கியவருடையது. கைமாறிய அன்றே அது முடிந்துவிடுவதுண்டு. பிரேமுக்குக் குறித்ததைவிட நீளமான போர்க் பூட்டினாலும் பல கம்பனிகள் கையை விரித்துவிடும். ஆகவே 130 மில்லிமீற்றர் போர்க்கை எடுத்துவிட்டு 160 பூட்டும் முன், பிரேம் கம்பனியின் கையேட்டில் அதிகபட்ச அளவைப் பார்க்கவேண்டும். விழுந்து முறிந்தது உத்தரவாதத்தில் வராது. ஆனாலும் விழுந்தவர்களுக்குக் குறைந்த விலையில் புது பிரேம் தரும் திட்டம் பல கம்பனிகளில் உண்டு. கேட்டவருக்குத்தான் கிடைக்கும்.

லண்டனில் இருக்கும் மச்சான் லீவில் வரும்போது பிரேமைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது நம்மவர் வழக்கம். சட்டப்படி வாங்கியவர் மச்சான்தான், பில்லும் அவர் பெயரில்தான். பிரித்தானியாவின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் அவருக்குப் பலமான ஆயுதம் தருகிறது. பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேட்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் பழுது வெளிப்பட்டால், அது ஆரம்பத்திலேயே இருந்தது என்று கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. விலை 100 பவுணுக்கு மேல் இருந்து கடனட்டையில் வாங்கியிருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்கும். வண்ணாத்திவில்லுவில் இருப்பவர் செய்யவேண்டியது, பெட்டி பிரித்த அன்றே படம் எடுத்து மச்சானுக்கு அனுப்புவது. அடுத்த லீவு வரை காத்திருந்தால் அந்த 30 நாள் பறந்துவிடும்.

இலங்கைக் கடையில் வாங்கியவருக்கு வேறு வழிகள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை முறைப்பாட்டை விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ வியாபாரிக்கு உத்தரவிடலாம். பில் கேட்டால் கொடுக்கவேண்டியது வியாபாரியின் கடமை. கட்டிக் கொடுக்கும் மெக்கானிக்குக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்: வேலையைக் கவனமாகவும் திறமையாகவும் செய்வேன் என்ற உறுதி, சொல்லாமலே அந்த ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கிறது. ‘எங்களுக்குப் பொறுப்பில்லை’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்தாலும் கவனயீனத்தால் உயிரோ உடலோ சேதமானால் அந்த வரி காப்பாற்றாது. 1997இன் நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் அதைத் தடுக்கிறது.

ஃபேஸ்புக்கில் பார்த்துத் தனியாளிடம் வாங்கினால் அதிகார சபையிடம் போவது கடினம், அது வியாபாரிகளுக்கான சட்டம். அப்படியான இடத்தில் ‘விழாதது, வெடிப்பில்லாதது’ என்று விற்பவர் எழுதிய செய்தியை அழிக்காமல் வைத்திருப்பதே சாட்சி. வெளிநாட்டு இணையக் கடை ஏமாற்றினால், காசு போன வங்கி அட்டை மூலம் தகராறு எழுப்பலாம். அதற்குக் காலக்கெடு வழக்கமாக 120 நாள். விலையைக் குறைத்துக் காட்டிப் பார்சல் அனுப்பச் சொல்லும் யோசனை வேண்டாம். சுங்கம் பிடித்தால் பொருளும் போகும், பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது அந்தக் குறைந்த விலையே எதிராகவும் நிற்கும்.

அதிகார சபைக்குச் செய்யும் முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்ச்சேரவேண்டும். பில்லின் பிரதி, தொடரிலக்கம், வெடிப்பின் படம், கடைக்காரருக்கு முதலில் அறிவித்ததற்கான ஆதாரம் ஆகியவற்றை இணைக்கலாம். முறிந்த துண்டைக் கழுவவோ ஒட்டவோ கூடாது. முறிந்த முகத்தைப் பார்த்துத்தான் அது பழைய வெடிப்பா புதிய அடியா என்று நிபுணர் சொல்வார். அதிகார சபையின் அவசர எண் 1977. உத்தரவு வந்தும் வியாபாரி காசு கட்டாவிட்டால், நீதவான் நீதிமன்றம் அதை அபராதம்போல அறவிட்டுக் கொடுக்கும்.