ஆர்லாண்டோ பயணத்தில் ஒரு நாள் உபரி: சந்தேகங்களும் விளக்கங்களும்

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ பெற்றோரை விடுமுறைக்கு அழைத்தால், நயாகராவுக்கு அடுத்தபடியாகப் பட்டியலில் ஏறும் ஊர் ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் மட்டும் நான்கு தீம் பார்க்குகள். அருகிலேயே யுனிவர்சல். திட்டம் போட உட்கார்ந்தால் பெரும்பாலும் ஒரு நாள் இடிக்கும். விமானக் கட்டணம் அந்தத் தேதியில்தான் குறைவாக இருக்கும். அல்லது பார்க்குக்கு ஒரு நாள் என்று நான்கு போக, ஐந்தாவது நாள் காலியாக நிற்கும். அந்த ஒரு நாளைப் பற்றி வழக்கமாக எழும் சந்தேகங்கள் சில.

நான்கு நாள் டிக்கெட்டோடு ஐந்தாம் நாளையும் சேர்த்தால் கொஞ்சம்தான் கூடுகிறது. சேர்த்துவிடுவதுதானே லாபம்?

அப்படி நினைக்க வைப்பதற்காகவே அந்த விலைப்பட்டியல் அமைந்திருக்கிறது. நாட்கள் கூடக்கூட ஒரு நாளுக்கான சராசரி விலை இறங்கிக்கொண்டே போகும். ஆனால் பார்க்குக்குள் கழியும் ஒரு நாளின் செலவு டிக்கெட்டோடு நிற்பதில்லை. வண்டி நிறுத்தக் கட்டணம், உள்ளே வாங்கும் சாப்பாடு, வரிசையைச் சுருக்க ‘லைட்னிங் லேன்’ என்று தலைக்குத் தலை கட்டும் தொகை எல்லாவற்றையும் ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்குக் கூட்டிப் பாருங்கள்; அந்தக் ‘கொஞ்சம்’ காணாமல் போய்விடும். அத்தனையும் கொடுத்து வாங்குவது ஏற்கெனவே பார்த்த ஒரு பார்க்கைத்தான்.

விதிவிலக்கு உண்டு. ஒரே ராட்டினத்தில் பத்து முறை சுற்றினாலும் அலுக்காத வயதில் பிள்ளைகள் இருந்தால், மேஜிக் கிங்டத்துக்கு இரண்டாம் நாள் தரலாம். 1971 அக்டோபரில் முதலில் திறக்கப்பட்ட பார்க் அதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற ரைடுகள் இன்றும் அங்கேதான் அதிகம்.

இன்னொன்றும் கவனியுங்கள். வழக்கமான நான்கு நாள் டிக்கெட்டைத் தொடங்கும் தேதியிலிருந்து ஏழு நாட்களுக்குள் பயன்படுத்தலாம். தொடர்ச்சியாகப் போக வேண்டிய கட்டாயமில்லை. நடுவில் ஒரு நாள் ஓய்வெடுப்பதால் டிக்கெட் வீணாகாது. சலுகை டிக்கெட்டுகளுக்குக் காலக்கெடு வேறாக இருக்கலாம் என்பதால் வாங்குமுன் அந்த வரியைப் படித்துவிடுங்கள்.

உபரி நாளைக் கடைசியில் வைப்பதா, நடுவிலா?

நடுவில். எங்கே போவது என்பதைவிட எந்த நாளில் போவது என்பதுதான் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பார்க்கில் ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடப்பது சாதாரணம். இரண்டு நாள் அப்படி நடந்தபின் மூன்றாம் நாள் காலையில் அறுபதைத் தாண்டிய கால்கள் என்ன சொல்கின்றன என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். குழுவில் யாருக்கு முதலில் கால் ஓயுமோ, அவருடைய கணக்குத்தான் எல்லாருடைய கணக்கும். நான்கு பார்க்கையும் வரிசையாக முடித்துவிட்டு ஐந்தாம் நாள் ‘நிதானமாக’ ஊர் பார்க்கலாம் என்று வைத்த குடும்பங்கள், அந்த நாளை ஓட்டல் கட்டிலில்தான் கழிக்கும்.

இந்தியாவிலிருந்து நேராக ஆர்லாண்டோவுக்கு வருபவர்கள் மட்டும் முதல் நாளையே காலியாக விடலாம். கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் பின்னால் போன கடிகாரத்தோடு வரிசையில் நிற்பது தண்டனை.

ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை போகிறவர்களுக்கு நான் இந்தப் பதிலைச் சற்று மாற்றுவேன். அது புயல் உச்சத்தில் இருக்கும் காலம். 2022-ல் இயன் புயலின்போதும் 2024-ல் மில்டன் புயலின்போதும் டிஸ்னி பார்க்குகள் மூடப்பட்டன. அப்போது உபரி நாள் பின்பாதியில் கையிருப்பாக இருப்பது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அன்றாடம் மாலையில் வரும் இடிமழைக்கு இவ்வளவு பயம் வேண்டாம். மின்னல் இருக்கும்வரை திறந்தவெளி ரைடுகளை நிறுத்துவார்கள்; பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெறித்துவிடும். அதே காரணத்தால், கோடையில் நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள்.

சுற்றிவளைக்காமல் ஒரே இடம் சொல்லுங்கள்.

கென்னடி விண்வெளி மையம். டிஸ்னியிலிருந்து கிழக்கே சுமார் 110 கி.மீ.; 528 சுங்கச் சாலையில் ஒன்றேகால் மணி நேரம். வாடகைக் காரில் போகிறவர்கள், சுங்கத்துக்கென்று நிறுவனம் நாள்தோறும் தனியாக ஏதும் பிடிக்கிறதா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் விண்வெளி மோகம் இல்லை. நான்கு நாள் முழுக்கப் பிளாஸ்டரும் பெயின்ட்டும் கொண்டு கட்டிய மலைகளையும் கோட்டைகளையும் பார்த்த கண்ணுக்கு, இங்கே இருப்பவை நிஜம். 1985 முதல் 2011 வரை 33 முறை விண்வெளிக்குப் போய்வந்த அட்லாண்டிஸ் ஓடமே நிற்கிறது. வெப்பத் தடுப்பு ஓடுகளில் கருகிய தடம் அப்படியே தெரியும். சரக்கறைக் கதவுகளைத் திறந்து, சரியாக 43.21 டிகிரி சாய்த்து வைத்திருக்கிறார்கள். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று அந்தக் கோணத்திலேயே ‘கவுன்ட் டவுன்’ ஒளிந்திருக்கிறது. பிள்ளைகளிடம் புதிராகப் போடலாம்.

அதே கட்டடத்தில் சாலஞ்சர், கொலம்பியா விபத்துகளில் இறந்த 14 பேருக்கான நினைவுக்கூடம் இருக்கிறது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா 2003 ஜனவரி 16 அன்று இந்த மையத்திலிருந்துதான் கொலம்பியாவில் புறப்பட்டார்; பிப்ரவரி 1 அன்று தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது ஓடம் சிதறியது. கொலம்பியாவின் விமானி அறை ஜன்னல் சட்டங்கள் அந்தக் கூடத்தில் இருக்கின்றன. கூட்டத்தின் வேகத்தில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தேடிப் பாருங்கள்.

சாட்டர்ன் 5 ராக்கெட் இருக்கும் இடத்துக்கு வளாகத்தின் பேருந்தில்தான் போக முடியும். கட்டணம் நுழைவுச்சீட்டிலேயே அடக்கம். படுக்கவைத்திருக்கும் அந்த ராக்கெட்டின் நீளம் 363 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி என்பதை நினைத்துக்கொண்டு அதன் ஓரமாக நடந்தால் அளவு பிடிபடும். இந்தப் பேருந்து பிற்பகலிலேயே நின்றுவிடும். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக இதில் ஏறுங்கள். அட்லாண்டிஸைப் பிறகு பார்க்கலாம்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இங்கே அரை நாள்தான் தாங்கும். மதியத்துக்குமேல் அருகிலுள்ள கோகோ பீச் கடற்கரைக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.

அன்றைக்கே ராக்கெட் ஏவுவதையும் பார்க்க முடியுமா?

வாய்ப்பு உண்டு. 2024-ல் மட்டும் விண்வெளி மையம் இருக்கும் கடலோரப் பகுதியிலிருந்து தொண்ணூறுக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் கிளம்பின. 2025 ஜூன் 25 அன்று இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா புறப்பட்டதும் அங்கிருந்தே. ஆனால் காற்று, மேகம், ஒரு வால்வு என்று எதற்கும் ஏவுதல் தள்ளிப்போகும். ராக்கெட்டை நம்பி நாளைக் குறிக்காதீர்கள். குறித்த நாளில் ராக்கெட்டும் வந்தால் அதிர்ஷ்டம். இரவு ஏவுதலாக இருந்து வானமும் தெளிவாக இருந்தால் ஆர்லாண்டோவிலிருந்தே தெரியும்.

மியாமிக்கு ஒரே நாளில் போய்வரலாமா?

போகலாம், பார்க்க முடியாது. காரில் ஒரு வழிக்கே மூன்றரை முதல் நான்கு மணி நேரம். 2023 செப்டம்பரில் ஆர்லாண்டோவிலிருந்து ஓடத் தொடங்கிய பிரைட்லைன் ரயிலும் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் எடுக்கிறது. தூரப் பயணம்தான் வேண்டுமென்றால் வடகிழக்கே செயின்ட் அகஸ்டின் இருக்கிறது. ஒன்றேமுக்கால் மணி நேர ஓட்டம். 1565-ல் ஸ்பானியர்கள் நிறுவிய ஊர் அது. சிப்பி ஓடுகள் இறுகி உருவான கல்லால் அவர்கள் கட்டிய கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது.

அப்பா அம்மாவால் ரைடுகளில் ஏற முடியாது. அவர்களுக்காக அந்த நாளைத் தரலாம் என்று நினைக்கிறோம்.

நல்ல யோசனை. நான்கு நாளும் பைகளுக்குக் காவல் இருந்தவர்கள் அவர்கள்தானே.

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை என்றால் யோசிக்கவே வேண்டாம்: வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள புளூ ஸ்பிரிங் மாநிலப் பூங்கா. ஊற்றுநீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸ். குளிர் கூடினால் ஆற்றிலிருந்து ‘மேனட்டி’ கடற்பசுக்கள் கூட்டமாக அந்த வெதுவெதுப்பைத் தேடி வரும்; சில காலைகளில் நூற்றுக்கணக்கில். நம் பாக் நீரிணையில் அருகிவிட்ட ஆவுளியாவுக்கு இது உறவுக்கார விலங்கு. மரப்பலகை நடைபாதையிலிருந்தே பார்க்கலாம். குளிர் அதிகமான நாளில், சீக்கிரம் போவது முக்கியம். வண்டிகள் நிரம்பினால் வாசலை மூடிவிடுவார்கள்.

மற்ற மாதங்களில் வின்டர் பார்க் என்ற ஊரின் ஏரிகளில் ஒரு மணி நேரப் படகுப் பயணம். 1938 முதல் நடக்கிறது. ஏரிகளை இணைக்கும் குறுகிய கால்வாய்கள்தான் அதில் அழகு. கோயிலுக்குப் போகாமல் நாள் நிறையாது என்பவர்களுக்கு, அங்கிருந்து கிட்டத்திலேயே கேசல்பெரியில் இந்துக் கோயில் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்கு டிஸ்னியின் அனிமல் கிங்டம் லாட்ஜில் ‘சனா’ என்ற உணவகம். பார்க் டிக்கெட் தேவையில்லை, முன்பதிவு தேவை. ஆப்பிரிக்க, இந்தியச் சுவைகள் கலந்த சமையல். ‘நான்’ ரொட்டியும் பலவகைச் சட்னிகளும் கிடைக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். ஹாம்பர்கரைப் பார்த்துச் சலித்த வாய்க்கு இது பெரிய ஆறுதல்.

பிள்ளைகள் யுனிவர்சலைத்தான் கேட்கிறார்கள். ஒரு நாளில் ஹாரி பாட்டர் முழுவதையும் பார்த்துவிடலாமா?

முடியாது; இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹாரி பாட்டர் பகுதிகள் மூன்று. மூன்றும் மூன்று வேறு பார்க்குகளில். ஹாக்ஸ்மீட், டயகன் ஆலி இரண்டும் பழைய வளாகத்தின் அடுத்தடுத்த பார்க்குகளில். அவற்றை இணைக்கும் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸில் ஏற இரு பார்க்குக்கும் செல்லும் டிக்கெட் வேண்டும். மூன்றாவது, 2025 மே 22 அன்று திறந்த எபிக் யுனிவர்ஸில். அது சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தனி வளாகம். அந்த ரயில் அங்கே போகாது. பாட்டர் புத்தகங்களைக் கரைத்துக் குடித்த பிள்ளைக்குப் பழைய வளாகம். புதியது வேண்டும், நின்டென்டோ வேண்டும் என்பவர்களுக்கு எபிக். அங்கே நிழல் குறைவு, தொப்பி கட்டாயம்.

பாதி விலையில் டிக்கெட், இலவச டிக்கெட் என்று சாலையோரக் கடைகளில் போர்டு வைத்திருக்கிறார்களே?

இரண்டு வகை இருக்கிறது. முதலாவது, யாரோ பாதி பயன்படுத்திய பலநாள் டிக்கெட்டின் மிச்சம். இதை விற்பது ஃபுளோரிடா சட்டப்படி குற்றம். வாசலில் விரல் பதிவு ஒத்துப்போகாமல் நீங்கள்தான் நிற்பீர்கள். உங்களிடம் மிஞ்சும் நாட்களையும் யாருக்கும் தள்ளிவிடாதீர்கள்.

இரண்டாவது, ‘டைம் ஷேர்’ விடுமுறைக் குடியிருப்பு விற்பனைக் கூட்டம். தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்தால் டிக்கெட் என்பார்கள். தொண்ணூறு நிமிடம் அரை நாளாக நீள்வது அங்கே வாடிக்கை. தெரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் பத்து நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய மாநிலச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கடிதத்தை விமானம் ஏறுமுன் அனுப்பிவிடுங்கள்.

உபரி என்று எங்களுக்கு இருப்பது கிளம்பும் நாளின் காலை மட்டும்தான்.

அதைக் கொண்டு பார்க்குக்குள் போகாதீர்கள். ஓட்டலில் அறையைக் காலி செய்தாலும் பெட்டிகளை வைத்துக்கொள்வார்கள். டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதிக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, வண்டி நிறுத்தக் கட்டணமும் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு வாங்க வேண்டியதை அங்கே வாங்கலாம். மாலை ஆறு மணி விமானம் என்றால் இரண்டரைக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். ஐ-4 நெடுஞ்சாலையின் நெரிசலுக்கு நேரம் காலம் கிடையாது. வாடகைக் காருக்கு எரிபொருள் நிரப்ப வேண்டும். விமான நிலையத்துக்கு வெகு அருகில் உள்ள பங்க்குகளில் விலை கூடுதலாக இருக்கும், அதற்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.