வேலைக்கு உடுத்தும் உடை: கண்ணியமும் அழகும் சிக்கனமும்

படிப்பை முடித்த மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் அடுத்த பேச்சு, "தினமும் என்னம்மா உடுத்திப் போவாய்?" என்பதுதான். சிலர் கடை பொம்மைக்கு மாட்டியிருப்பதை அப்படியே வாங்கித் தருகிறார்கள். வேறு சிலர் இரண்டு அளவு பெரிதாக எதையாவது வாங்கி, "மூடினால் போதும்" என்கிறார்கள். முதலாவதில் காசும் கண்ணியமும் வீணாகின்றன. இரண்டாவதில் அந்தப் பெண், அலுவலகத்தில் நாலு பேர் முன் எழுந்து நிற்கவே கூசுகிறாள். உடைக் கவலையாலேயே நேர்முகத் தேர்வுக்குப் போகத் தயங்கும் பிள்ளைகளும் உண்டு. உடல்வாகுக்குப் பொருந்திய, கண்ணியமான, கைக்கடக்கமான உடை கிடைக்காத பொருளல்ல. எங்கே வாங்குவது, எப்படித் தைப்பது என்று தெரிந்தால் போதும்.

மார்க்கம் அழகைத் தடுக்கவில்லை

ஆடை மானத்தை மறைப்பதற்கு மட்டுமின்றி அலங்காரத்திற்காகவும் அருளப்பட்டது என்பதைத் திருக்குர்ஆன் (7:26) உணர்த்துகிறது. நல்ல ஆடையை விரும்புவது பெருமையாகுமா என்று கேட்கப்பட்டபோது, ஆகாது என்றே நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதும்தான் பெருமை (முஸ்லிம்).

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் தடித்த எகிப்தியத் துணி ஒன்றை அளித்தார்கள். அவர் அதைத் தம் மனைவிக்குக் கொடுத்துவிட்டதை அறிந்ததும், அதற்கு உள்ளே ஓர் உள்ளாடை அணியச் சொல்லும்படி கூறினார்கள். துணி உடலின் அமைப்பைக் காட்டிவிடும் என்பதே காரணம் (அஹ்மத்). துணி தடித்திருந்தால் மட்டும் போதாது, அது உடலில் விழும் விதத்தையும் பார்க்க வேண்டும். இன்று தையல்காரர் சொல்லும் 'லைனிங்' என்பதும் இதே பயனைத் தருவதுதான்.

துணி நம் வாசலில்

ஏற்காட்டு மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருந்து பார்த்தால், சுற்றிலும் தறி ஓடும் ஊர்கள்தான். சேலைக்கு இளம்பிள்ளை இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்தில் குமாரபாளையமும் பள்ளிபாளையமும், காவிரியைக் கடந்தால் ஈரோடும் இருக்கின்றன. ஈரோட்டின் அப்துல் கனி ஜவுளிச் சந்தையில் வாரச்சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். மஹல்லாவில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து போய் மொத்த விலையில் வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடிக் காலத்தில் கைத்தறிப் பருத்தியும் கட்டுப்படியாகும். வாங்கிய துணியை, வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கும் நம் சகோதரிகளிடம் கொடுத்தால், அளவும் சரியாக இருக்கும், அவர்களுக்கும் வருமானம்.

பருத்தித் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்திய பிறகே தைக்கக் கொடுங்கள். இல்லையேல் முதல் துவைப்பிலேயே சுருங்கும். ரேயான் மென்மையானது, ஆனால் உடலோடு ஒட்டும். ஜார்ஜெட் ஊடே தெரியும், லைனிங் கட்டாயம். சேலத்து வெயிலில் முழு பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. தினசரி இஸ்திரி போட நேரமில்லாதவர்களுக்குப் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி நடுவழி.

உடல்வாகும் தையலும்

முதலில் தோள்பட்டையைப் பாருங்கள். தோள் எலும்பு முடியும் இடத்தில் தையல் நின்றால், கீழே எவ்வளவு தளர்வாக இருந்தாலும் உடை எடுப்பாகத் தெரியும். தோள் இறங்கிவிட்டால் விலை உயர்ந்த அபாயாவும் இரவல் வாங்கியது போலிருக்கும்.

குள்ளமானவர்களுக்கு டாப்ஸும் பேன்டும் ஒரே நிறக் குடும்பத்தில் இருப்பதும், மெல்லிய நெடுக்குக் கோடுகளும் உயரம் காட்டும். பெரிய பார்டர் வேண்டாம். ஒல்லியானவர்களுக்குச் சற்றே விறைப்பான பருத்தியும் மடிப்புகளும் பொருந்தும். இடுப்புப் பகுதி அகன்றவர்களுக்கு, மேலிருந்து கீழே மெல்ல விரியும் 'ஏ-லைன்' வெட்டு நல்லது. பக்கவாட்டு ஸ்லிட் இடுப்புக்குக் கீழே தொடங்கட்டும். வயிறு சற்றுப் பெருத்தவர்கள் இடுப்பில் இறுக்கும் நாடாவைத் தவிர்த்து, மார்புக்கு மேல் யோக் வைத்து நேராக இறங்கும்படி தைக்கச் சொல்லலாம்.

போட்டுப் பார்க்கும்போது உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், குனியுங்கள். கரும்பலகையில் எழுதும் ஆசிரியைக்குக் கை நழுவாதபடி மணிக்கட்டில் எலாஸ்டிக் தேவை. இருசக்கர வாகனத்தில் போகிறவர்களும் இயந்திரம் ஓடும் ஆலையில் வேலை செய்பவர்களும் தொங்கும் துப்பட்டாவை விட்டு, பின் குத்திய ஹிஜாபை அணிவது உயிருக்கே பாதுகாப்பு.

வேலையிடத்து உடை விதியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழக அரசு 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வகுத்த விதியில், பெண்களுக்குச் சேலையோடு சல்வார் கமீஸும் துப்பட்டாவுடன் சுடிதாரும் இடம்பெற்றன.

ஆண்களுக்கும் உண்டு

அலுவலகத்திலிருந்து நேராக ஜும்ஆவுக்கு வரும் இளைஞர்கள் சிலர் ருகூவில் குனிந்தால் சட்டை மேலேறி முதுகின் கீழ்ப்பகுதி தெரிகிறது. இறுக்கமான பேன்ட்டில் ஸஜ்தாவும் சிரமம். சட்டை வாங்கும்போது குனிந்து பார்த்து, இரண்டு அங்குலம் நீளமாக எடுங்கள். சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது. ஆனாலும் அசல் பட்டு ஆண்களுக்கு ஆகுமானதல்ல. அலுவலக விழாவுக்குப் பருத்தி வேட்டியே போதும்.

செலவுக் கணக்கு

400 ரூபாய் டாப்ஸ் பத்து முறை உடுத்தியதும் நைந்தால், ஒரு நாளைக்கு 40 ரூபாய். 1,200 ரூபாய் செலவில் தைத்தது நூறு முறை உழைத்தால், ஒரு நாளைக்கு 12 ரூபாய். மூன்று டாப்ஸ், இரண்டு பேன்ட், இரண்டு ஹிஜாப் என்று ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் நிறங்களில் எடுத்தால் 12 விதமாக மாற்றி உடுத்தலாம். முதல் சம்பளம் வரும்வரை இதுவே தாராளம். கடன் வாங்கி அலமாரியை நிரப்ப வேண்டியதில்லை. வீண்விரயமும் கஞ்சத்தனமும் இன்றி நடுநிலையாகச் செலவிடுவோரைத் திருக்குர்ஆன் (25:67) பாராட்டுகிறது.

பெற்றோர்களே, மகளின் உடைத் தேர்வை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்காதீர்கள். ஒருநாள் அவளோடு கடைக்குப் போய், துணியைத் தொட்டுப் பார்த்து, தையல்காரரிடம் அவளுக்காகப் பேசுங்கள். நம் பிள்ளைகள் கண்ணியத்தோடும் தலைநிமிர்வோடும் உழைத்து வாழ வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!