ஆறு குழிகளில் தெரிந்த மஞ்சள் நிறம்

படிவம் நான்கில் படிக்கும்போது எனக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. ஜாசினில் உள்ள கிளினிக்கில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, வெள்ளை நிறப் பட்டை ஒன்றில் விட்டார்கள். கால் மணி நேரம் கழித்து அதில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. "இது கிருமியா?" என்று அங்கிருந்த மருத்துவ உதவியாளரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இந்தக் கோடு கிருமி இல்லம்மா. உன் உடம்பு கிருமியோட சண்டை போட ஆரம்பிச்சிடுச்சுன்னு காட்டுது" என்றார்.

அந்தப் பதில் எனக்குள் தங்கிவிட்டது. ஆனால், அதுவே ஒரு படிப்பு, ஒரு வாழ்க்கைத் தொழில் என்று அப்போது எனக்குத் தெரியாது. எஸ்.பி.எம். முடித்து, மெட்ரிகுலேஷன் முடித்து, எல்லாரையும் போல மருத்துவத்துக்குத்தான் விண்ணப்பித்தேன். கிடைக்கவில்லை. உயிர்மருத்துவ அறிவியல் கிடைத்தது. எங்கள் பாட்டி ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். அப்பா செம்பனை லோரி ஓட்டுகிறார். குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை நான். இருந்தும் மலாக்காவில் ஒரு கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர், "டாக்டர் கிடைக்கலையா? அப்போ லேப் வேலைதானா?" என்று கேட்டபோது, சாப்பாட்டு இலையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

இரண்டாம் ஆண்டில் நோய் எதிர்ப்பியல் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஏதாவது ஒரு ரத்தப் பரிசோதனையின் வரலாற்றைத் தேட வேண்டும். அப்போதுதான் சென்னையைச் சேர்ந்த இரண்டு பெண்களைப் பற்றிப் படித்தேன். ஒருவர் பேராசிரியர், மற்றவர் மாணவி. இருவரும் செய்தது அந்த 'லேப் வேலை'தான்.

ஆசிரியர் சுனிதி, மாணவி நிர்மலா

டாக்டர் சுனிதி சாலமன் சென்னையில் தோல் வணிகம் செய்த ஒரு மராத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் அவர் ஒருவர்தான் பெண். ஆண்டுதோறும் வீட்டுக்குத் தடுப்பூசி போட வந்த சுகாதார அதிகாரியைப் பார்த்துத்தான் தமக்கு மருத்துவத்தின் மேல் ஆர்வம் பிறந்தது என்று பின்னாளில் அவர் கூறியிருக்கிறார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் நோய்க்குறியியல் பயிற்சி பெற்றார். தம் சேவை இந்தியாவுக்குத்தான் அதிகம் தேவை என்று 1973-இல் கணவருடன் ஊர் திரும்பி, தாம் படித்த கல்லூரியிலேயே நுண்ணுயிரியல் பேராசிரியர் ஆனார்.

1981-இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் முதன்முதலாகப் பதிவானது. 1983-இல் அதற்குக் காரணமான வைரஸைக் கண்டார்கள். 1985-இல் அதற்கான ரத்தப் பரிசோதனை வந்தது. அது நம் நாட்டு நோய் அல்ல என்பதே அன்று இந்தியாவில் பலரின் எண்ணம். சுனிதி அப்படி நினைக்கவில்லை. பரிசோதித்துப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்பது அவருடைய கேள்வி. முதுநிலைப் படிப்பின் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் அந்தக் கேள்வியைக் கொடுத்தார்.

நிர்மலாவுக்கு அப்போது 32 வயது. திருமணமானவர், இரண்டு சிறு பிள்ளைகளின் தாய், கட்டுப்பாடான குடும்பத்தில் வளர்ந்தவர். பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப் போய் ரத்தம் எடுக்க வேண்டும் என்றதும் தயங்கினார். கணவர்தான் தைரியம் சொல்லித் தம் ஸ்கூட்டரில் அழைத்துப் போனார். அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் பேசிப் பழகி, மற்றவர்கள் காவல் இல்லத்தில் அடைக்கப்பட்டிருப்பதை அறிந்து அங்கும் போனார். கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்தார்.

பெரிய ஆய்வுக்கூடம் ஏதும் இல்லை. சுனிதி ஏற்பாடு செய்த ஒரு சிறிய இடத்தில் ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, நிர்மலா தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார்.

பல்லாங்குழியும் எலைசாவும்

சோதனைக்கான வசதி வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் அவர் கணவரும் சீரக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, இரவு ரயிலில் காட்பாடிக்குப் போய், அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் சேர்ந்தார்கள்.

அங்கு நடந்த சோதனையின் பெயர் எலைசா. 1971-இல் சுவீடனில் உருவான முறை. இதில் 96 குழிகள் கொண்ட ஒரு நெகிழித் தட்டு உண்டு. அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பாட்டியின் பல்லாங்குழிதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒவ்வொரு குழியின் அடியிலும் வைரஸின் புரதத்தை ஒட்டியிருப்பார்கள். அதன் மேல் ஒருவருடைய சீரத்தை விட வேண்டும்.

நம் உடலுக்குள் கிருமி நுழைந்தால், 'பி' அணுக்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள் அந்தக் கிருமிக்கென்றே ஒரு புரதத்தைச் செய்கின்றன. அதுதான் எதிர்ப்பொருள், ஆங்கில வழியில் ஆண்டிபாடி. டிங்கிக்கு உருவானது டிங்கியைப் பிடிக்கும், எச்.ஐ.வி.க்கு உருவானது எச்.ஐ.வி.யைப் பிடிக்கும். சீரத்தில் எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் இருந்தால் அது குழியின் அடியில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் போகாது. பிறகு, அந்த எதிர்ப்பொருளைப் பிடிக்கக்கூடிய, நொதி இணைத்த இரண்டாவது எதிர்ப்பொருளை விடுவார்கள். மறுபடியும் கழுவி, கடைசியாக நிறம் மாறும் வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். நொதி இருக்கும் குழியில் மட்டும் நிறம் வரும்.

எல்லாக் குழிகளும் நிறமில்லாமல்தான் இருக்கும் என்று நிர்மலா நினைத்திருந்தார். மூடியைத் திறந்தபோது ஆறு குழிகள் மஞ்சளாக இருந்தன.

ஒரு சோதனையை மட்டும் நம்பி அறிவிக்கக் கூடாது என்பது ஆய்வுக்கூடத்தின் முதல் விதி. வேறு ஏதாவது எதிர்ப்பொருள் தவறுதலாக ஒட்டியும் நிறம் காட்டலாம். அந்த ஆறு பெண்களிடமும் மீண்டும் ரத்தம் எடுக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு அனுப்பி வேறொரு முறையில் சோதித்தார்கள். முடிவு மாறவில்லை. 1986 மே மாதம் தமிழகச் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதற்கு அதுவே முதல் சான்று.

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று பதிவானதும் அதே 1986-இல்தான். நம் ஊரில் இந்தச் செய்தியைக் கேட்டு அன்று யார் யார் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

சோதனை முடிந்த பிறகு தொடங்கிய வேலை

1987 மார்ச்சில் நிர்மலா தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பிறகு, சென்னை கிங் நிலையத்தில் தடுப்பூசித் தயாரிப்புத் துறையில் சேர்ந்து, 2010-இல் ஓய்வு பெற்றார்.

சுனிதியின் பாதை வேறு திசையில் போனது. எதிர்ப்பொருள் சோதனை 'தொற்று உண்டா, இல்லையா' என்பதை மட்டுமே சொல்லும். தொற்றிய சில வாரங்களுக்கு எதிர்ப்பொருள் உருவாகாததால், அந்த இடைவெளியில் அதையும் சொல்லாது. அதன் பிறகு எண்ண வேண்டியது நோய் எதிர்ப்பு அணுக்களை. எச்.ஐ.வி. தாக்குவது சிடி4 எனும் அணுக்களைத்தான். நலமாக இருப்பவரின் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் இவை ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் நிலை. மற்ற அணுக்களை வழிநடத்துகிறவையே அழிவதால், சாதாரணக் கிருமிகூட உயிரைப் பறிக்கும்.

எண்களைப் பார்த்துவிட்டு மனிதர்களை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. பல மருத்துவர்களே தொட அஞ்சிய நோயாளிகளை அவர் பார்த்தார். 1993-இல் தம் தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைச் சென்னையில் தொடங்கி, சோதனை, ஆலோசனை, சிகிச்சை, ஆய்வு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுத்தார். தொற்றுடன் வாழ்பவர்களுக்குத் திருமணம்கூடப் பேசி முடித்தார். 2015 ஜூலை 28-இல் காலமானார். மறைவுக்குப் பின், 2017-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

இன்று எச்.ஐ.வி. மருந்தை ஒழுங்காக உட்கொள்பவர் நெடுநாள் வாழலாம். தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதையும் தடுக்கலாம். அப்படிப் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஒரு குப்பி ரத்தத்தில்தான் அதற்கான வேலை தொடங்குகிறது. அந்தக் குப்பியைச் சோதிப்பவர் 'லேப் வேலை' பார்ப்பவர்.

எனக்கு உறுத்திய ஒன்று

இந்தக் கதையை நான் வகுப்பில் பெருமையாகச் சொல்லி முடித்ததும், விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பெண்களுக்கு எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று தெரியுமா?"

தெரியாது. எய்ட்ஸ் சோதனை என்பதைத் தாம் அவர்களிடம் சொல்லவில்லை என்று நிர்மலாவே பின்னாளில் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள். அவர்களில் பலர் வெளியே போக முடியாதபடி அடைக்கப்பட்டிருந்தவர்கள். இன்று எந்த ஆய்வு நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது. நிர்மலாவின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், அறிவியல் முன்னேறியது அந்த ஆறு பேரின் ரத்தத்தால். அவர்களைப் பற்றி நமக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

நம் தோட்டப்புற மக்களுக்கு இது புதிதல்ல. யாரோ வருவார்கள், ரத்தம் எடுப்பார்கள், படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், போய்விடுவார்கள்.

நண்பர்களே, நோய் எதிர்ப்பியல் படிக்க மருத்துவம் ஒன்றுதான் வழி என்றில்லை. உயிர்மருத்துவ அறிவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் என எந்த வாசல் வழியாகவும் உள்ளே வரலாம். எஸ்.பி.எம்.மில் உயிரியல், வேதியியல், கணிதம் மூன்றையும் கைவிடாதீர்கள். மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம்., டிப்ளோமா எதுவானாலும் சரி. கேட்ட துறை கிடைக்கவில்லை என்று தலை குனிய வேண்டாம். நான் குனிந்தது போதும்.

அடுத்த பருவத்தில் என் இறுதியாண்டு ஆய்வு தொடங்குகிறது. டிங்கி வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனபின் உடலில் தங்கும் எதிர்ப்பொருள், வேறு வகை தாக்கும்போது காக்காமல் நோயைக் கடுமையாக்கவும் கூடும். அதனால், யாருக்கு ஏற்கனவே டிங்கி வந்திருக்கிறது என்பதை ரத்தத்தில் தேடப் போகிறோம். ஒப்புதல் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழிலும் வேண்டும் என்று கேட்டேன். "நீயே எழுது" என்றார் மேற்பார்வையாளர்.

விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அதைப் பாட்டியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். பிறகு கேட்டார்: "ரத்தம் எடுத்துக்கிட்டுப் போறீங்க, சரி. என்னா தெரிஞ்சதுன்னு திரும்பி வந்து சொல்லுவீங்களா?"

படிவத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. அன்றிரவே எழுதிச் சேர்த்தேன்.