கம்பத்தடியில் வெளிச்சம், நடுவில் இருட்டு: இறுதியாண்டு புராஜெக்ட்டை ஊர்த் தெருவிலேயே செய்ய முடியுமா?

‘லைட்டு எரியுதுங்க, வெளிச்சந்தான் இல்லீங்க.’ பழநி பக்கம் தொப்பம்பட்டி ஒன்றியத்துக் கிராமங்களில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்த ஊராட்சியிலும் கேட்கக்கூடிய புகார் இது. மில் வேனில் ஷிப்ட் முடிந்து இறங்கும் பெண்கள் மெயின் ரோட்டிலிருந்து வீடு வரை நடக்கும் அந்த அரை கிலோமீட்டரில் கம்பம் இருக்கிறது, எல்இடி விளக்கும் எரிகிறது. ஆனால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே எதிரில் வருவது ஆளா மாடா என்று தெரியாது.

இந்தப் புகாரை ஓர் இறுதியாண்டு மின்னியல் மாணவர் தன் புராஜெக்ட்டாக எடுத்துக்கொண்டால் என்ன செய்யலாம்?

ஏன் இருட்டாக இருக்கிறது?

பதில் ஒரு கணக்கில் இருக்கிறது. விளக்கு 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கம்பங்களுக்கு இடையே 40 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். கம்பத்தின் நேர் கீழே தரைக்கும் விளக்குக்கும் தூரம் 6 மீட்டர். நடுப்புள்ளிக்கோ ஏறக்குறைய 20.9 மீட்டர், அதாவது மூன்றரை மடங்கு. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறையும் என்பதால் இங்கேயே 12 மடங்கு போய்விட்டது. அங்கே ஒளி சாய்வாகவும் விழுகிறது. அதில் இன்னொரு மூன்றரை மடங்கு நஷ்டம். மொத்தம் 42 மடங்கு. இரண்டு பக்க விளக்குகளும் சேர்ந்து கொடுத்தாலும், நடுவில் கிடைப்பது கம்பத்தடி வெளிச்சத்தில் 21-ல் ஒரு பங்குதான். விளக்கு எல்லாத் திசையிலும் ஒரே அளவு ஒளியை வீசுவதாகக் கொண்டு போட்ட கணக்கு இது. வெறுமனே கீழ்நோக்கி மட்டும் அடிக்கும் விளக்கு என்றால் நிலைமை இன்னும் மோசம்.

இங்கேதான் ஊராட்சிகளில் வழக்கமாக நடக்கும் தவறும் இருக்கிறது. இருட்டு என்று புகார் வந்தால் 18 வாட்டைக் கழற்றிவிட்டு 36 வாட் மாட்டுவார்கள். கம்பத்தடியில் 12 லக்ஸ் இருந்தது 24 ஆகும். நடுவில் 0.57 இருந்தது 1.14 ஆகும். விகிதம் அதே 21 தான். கரண்ட் பில் இரண்டு மடங்கு. போதாக்குறைக்கு, கம்பத்தடியின் பளீர் வெளிச்சத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நடுப்பகுதி முன்பைவிட இருட்டாகவே படும்.

எவ்வளவு வெளிச்சம் போதும்?

பொதுச் சாலை விளக்குகளுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1944. வேகமும் நெரிசலும் மிகுந்த பெரிய சாலைகளுக்கு அது சராசரியாக 30 லக்ஸ் கேட்கிறது. போக்குவரத்துக் குறைந்த சாலைக்கு 4 லக்ஸ் போதும். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை உண்டு: மிகக் குறைந்த புள்ளியின் அளவு, சராசரியில் 0.3 பங்குக்குக் கீழே போகக் கூடாது. அதாவது 4 லக்ஸ் சராசரி என்றால் எந்த மூலையிலும் 1.2 லக்ஸாவது இருக்க வேண்டும். விளக்கு மாட்டுகிறவர்கள் மறந்துபோவது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

அளப்பது எப்படி?

கையில் வேண்டியது ஒரு லக்ஸ் மீட்டர். பெரும்பாலான பொறியியல் கல்லூரி லேப்களில் இருக்கும். செல்போன் ஆப் ஒத்துவராது. ஒரு லக்ஸுக்குக் கீழே அது சொல்வதை நம்ப முடியாது. முதலில் ஊராட்சித் தலைவரிடமோ செயலரிடமோ சொல்லிவிடுவது நல்லது. ராத்திரியில் மீட்டரும் டேப்புமாகத் தெருவில் குனிந்து நிற்பவரை ஊர் சும்மா விடாது. நாய்களும் விடாது.

இரண்டு கம்பங்களுக்கு இடையே நீளவாக்கில் 10 புள்ளிகள், ரோட்டின் இரு ஓரமும் நடுவும் சேர்த்து அகலவாக்கில் 3 வரிசைகள். மொத்தம் 30 அளவுகள். சுண்ணாம்பால் பகலிலேயே குறித்துவிட்டால் ராத்திரி வேலை சுலபம். மீட்டரைத் தரையில் வைத்து, தன் நிழல் விழாமல் தள்ளி நின்று படிக்க வேண்டும். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்ப்பது முக்கியம். பௌர்ணமி நிலா கால் லக்ஸ் வரை கொடுக்கும். நடுவில் இருப்பதே அரை லக்ஸ் என்கிறபோது அது கணக்கைக் கெடுத்துவிடும். எந்த மணிக்கு அளந்தார்கள், வோல்டேஜ் எவ்வளவு, விளக்கில் தூசி எப்படி என்பதையும் நோட்டில் எழுத வேண்டும். பழைய டியூப் லைட் மிச்சமிருக்கும் தெருவில் வோல்டேஜ் இறங்கினால் வெளிச்சமும் இறங்கும்.

ஷூ போடாமல் போகக் கூடாது என்பதை கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தீர்வு என்ன?

புதுக் கம்பம் நடுவது ஊராட்சியால் எளிதில் ஆகிற காரியமில்லை. மின் கம்பம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விளக்கு. ஆகவே மாற்றக்கூடியவை மூன்று: உயரம், விளக்கைத் தாங்கும் கையின் சாய்வு, லென்ஸ். ஒளியைக் கீழே கொட்டாமல் ரோட்டின் இருபுறமும் நீளவாக்கில் வீசும் லென்ஸ் உள்ள விளக்கு, குறைந்த வாட்டிலேயே நடுப்பகுதியை எட்டும். நல்ல நிறுவனங்கள் தங்கள் விளக்கு எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளி தருகிறது என்ற கோப்பைக் கேட்டால் கொடுக்கும். அதை டயலக்ஸ், ரிலக்ஸ் போன்ற இலவச மென்பொருளில் ஏற்றி, அளந்த 30 புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கணினி சொன்னதும் தெரு சொன்னதும் ஒத்துப்போகாத இடத்தில்தான் புராஜெக்ட்டே ஆரம்பிக்கிறது. வேப்பங்கிளை மறைக்கிறதா, கை திரும்பியிருக்கிறதா, டப்பாவில் 20 வாட் என்று போட்டது உண்மையிலேயே 20 வாட்தானா?

‘சென்டர்ல வாங்கிக்கலாமே?’

திண்டுக்கல், மதுரை, கோவை என எங்கு பார்த்தாலும் புராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. பணம் கட்டினால் கிட், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் ரெடி. ‘ஆட்டோமேட்டிக் ஸ்ட்ரீட் லைட்’ என்று சென்சார் வைத்த அட்டை மாடல் அவற்றில் நிரந்தர ஐட்டம். வைவாவில் ‘இந்த ரெசிஸ்டர் எதுக்கு?’ என்ற முதல் கேள்வியிலேயே அது அம்பலமாவதும் வழக்கம்தான். தெருவில் அளந்த 30 எண்களை யாரிடமும் வாங்க முடியாது. செலவும் பெரிதில்லை, தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்ட்டுகளுக்கென்றே நிதியுதவித் திட்டம் வைத்திருக்கிறது. கல்லூரி வழியாக, உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

இதைவிடச் சிறிதாகத் தொடங்கியவர்களும் உண்டு. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவ் இர்வின்-ஹாலிடே 1997-ல் நேபாள மலையில் நடந்துபோனபோது, பிள்ளைகள் படிக்க வெளிச்சமில்லாத ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். ஊர் திரும்பி, வெள்ளை எல்இடியை வைத்துச் சோதனை செய்தார். ஒரு சின்ன டயோடின் ஒளியிலேயே புத்தகம் படிக்கலாம் என்று தெரிந்ததும் விளக்குகளோடு நேபாளத்துக்கே திரும்பினார். 2002-ல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

புராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங் ஆகும் நேரத்தை ஒட்டி, மே 1-ம் தேதி கிராம சபை வரும். அங்கே ‘லைட் சரியில்லை’ என்ற பேச்சு எப்போதும் எழும். எத்தனையாவது கம்பத்துக்கும் எத்தனையாவது கம்பத்துக்கும் நடுவில், எத்தனை லக்ஸ், எந்த லென்ஸ் மாட்டினால் எவ்வளவு ஆகும் என்று எழுதிய ஒற்றைப் பக்கத்தை அந்த மாணவர் மனுவாகக் கொடுக்கலாம். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒப்புகை வாங்காமல் வரக் கூடாது.