மரம் வெட்டும் கூலியும் மறைந்திருக்கும் செலவும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரணியத்தை ஒட்டிக் கரையைக் கடந்த கஜா புயல், ஒரே இரவில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று விழுந்த மரங்கள் ஒருபுறமிருக்க, விழாமல் சாய்ந்து நின்ற மரங்களும் பிற்பாடு பெருந்தொல்லையாயின. வீட்டின் மீதோ தறிக்கூடத்தின் மீதோ சாய்ந்து நிற்கும் மரத்தை அகற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்கு யாரை அழைப்பது என்பதில் நாம் போதிய கவனம் செலுத்துவதில்லை.

2023ஆம் ஆண்டில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் நெசவாளர் சங்கத்தின் கணக்குகளை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். அதுவரை ஒரு தவணையும் தவறாத அங்கத்தினர் ஒருவரின் பெயர், தவணை தவறியோர் பட்டியலில் இருந்தது. வியப்புற்று அவருடைய இல்லத்திற்கே சென்று விசாரித்தேன்.

“ஐயா, நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இந்தக் கதிக்கு வந்தேன்” என்றார் அவர்.

நடந்தது இதுதான். அவருடைய தறிக்கூடத்தின் மேல் ஒரு தென்னை சாய்ந்து நின்றது. கயிறும் ஆட்களும் கொண்டு தொழில் நடத்தும் மரவெட்டி ஒருவர் 6,000 ரூபாய் கேட்டார். அடுத்த தெருவில் தேங்காய் பறிக்கும் இளைஞர் ஒருவர் 1,500 ரூபாய்க்கு இசைந்தார். முன்பின் மரம் வெட்டிப் பழக்கமில்லாத அவர், கொண்டையை முதலில் கழிக்கலாம் என்று மேலே ஏறினார். பாதி உயரம் போகுமுன் அடிமரம் முறிந்தது. மரத்தோடு விழுந்த இளைஞரின் வலக்கால் நிரந்தரமாகச் செயலற்றது. ஓடுகள் நொறுங்கின, தறியும், சங்கம் கொடுத்திருந்த பாவும் பாழாயின. வைத்தியச் செலவுக்காக நெசவாளர் தம் மனைவியின் நகைகளை அடகு வைத்தார். ஈடு கேட்டு யாரும் அவரை நெருக்கவில்லை. அவருடைய மனச்சாட்சியே நெருக்கியது.

தொழில் தெரிந்தவர் எதைப் பார்ப்பார்?

தேர்ந்த மரவெட்டி முதலில் பார்ப்பது மரத்தின் அடியை. தஞ்சாவூர் வாடல் நோய் கண்ட தென்னையில் தூரை ஒட்டிச் செம்பழுப்பு நிறச் சாறு கசியும்; மேலே பச்சை மட்டைகள் இருந்தாலும் உள்ளே தூர் அழுகியிருக்கும். அத்தகைய மரத்தில் அவர் ஏறமாட்டார். பக்கத்து மரத்தின் துணைகொண்டு கயிறு கட்டுவார். இயலாவிடில் கிரேன் வரவழைக்கச் சொல்வார்.

வேம்பு, புளி போன்ற மரங்களை வெட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. மரம் எப்பக்கம் விழவேண்டுமோ அப்பக்கத்தில் முதலில் வாய் வெட்டுவார்கள். பிறகு எதிர்ப்புறத்தில் அதைவிடச் சற்று உயரத்தில் அறுத்து, இரண்டுக்கும் நடுவே சிறிதளவு கட்டையை அறுக்காமல் விடுவார்கள். அதுவே கதவின் கீல்போல நின்று மரத்தை நெறியாக விழச் செய்கிறது. அதையும் அறுத்துவிட்டால் மரம் எத்திசையிலும் விழலாம். வாடகைக்கு எடுத்துவரும் இயந்திர ரம்பமும் அறியாதார் கையில் ஆபத்தே. அதன் நுனியின் மேற்பகுதி கட்டையில் பட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் ரம்பம் பிடித்தவர் முகத்தை நோக்கி எகிறும்.

நஷ்டம் யாரைச் சேரும்?

வேலையில் நேர்ந்த விபத்துக்கு வேலை கொடுத்தவர் ஈடு தரவேண்டும் என்னும் கொள்கை, நம் நாட்டில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலேயே ஏற்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இடம் பெற்றிருக்கிறது. ஒரு நாள் கூலிக்கு அழைத்தவரை அது எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பது அந்தந்தச் சூழ்நிலையைப் பொறுத்தது. ஆயினும் கூலியாளுக்கு இன்ஷூரன்ஸ் இல்லாதபோது, வழக்கு எப்படி முடிந்தாலும் இரு குடும்பங்களில் ஒன்றேனும் கடனில் மூழ்குவது உறுதி.

அந்த இளைஞரையும் சென்று பார்த்தேன். அவரிடம் கூட்டுறவு வங்கியின் கணக்குப் புத்தகம் இருந்தது. 2015 முதல் நடைமுறையில் உள்ள பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில், 18 முதல் 70 வயது வரையுள்ள வங்கிக் கணக்குடையோர் சேரலாம். 2022 ஜூன் முதல் அதன் ஆண்டுக் கட்டணம் 20 ரூபாய். விபத்தில் மரணமோ முழு ஊனமோ நேர்ந்தால் 2 இலட்சமும், நிரந்தரப் பகுதி ஊனத்திற்கு 1 இலட்சமும் கிடைக்கும். வைத்தியச் செலவுக்கோ, நாளடைவில் குணமாகும் எலும்பு முறிவுக்கோ அது உதவாது. ஆனால் ஒரு கால் செயலிழந்த அவருக்கு உதவியிருக்கும். அப்படிவத்தை அவருக்கு யாரும் காட்டவில்லை. அடிக்கடி அவ்வூருக்குச் சென்ற நானும் சொன்னதில்லை. இக்குறையில் எனக்கும் பங்கு உண்டு.

செய்ய வேண்டுவன

கூலி பேசுமுன், அவர் இதற்கு முன் வெட்டிய மரங்களைப் பற்றி விசாரியுங்கள். இன்ஷூரன்ஸ் சான்றைக் கேட்டுப் பாருங்கள். கேட்பது அவமதிப்பு ஆகாது. மரமேறிக் காய் பறிப்போருக்கெனத் தென்னை வளர்ச்சி வாரியம் ‘கேரா சுரக்ஷா’ என்னும் இன்ஷூரன்ஸ் திட்டத்தை நடத்துகிறது. எனினும் மரம் வெட்டும் வேலைக்கும் அது செல்லுமா என்று கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள். மின்கம்பிக்கு அருகில் உள்ள மரமாயின், மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கத்தி வைக்க வேண்டும். மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்திற்குள் குழந்தைகளையோ வேடிக்கை பார்ப்போரையோ விடலாகாது.

சங்கங்களுக்கும் கடமை உண்டு. தொழில் தெரிந்த மரவெட்டிகளின் பட்டியலைக் காரியதரிசிகள் விளம்பரப் பலகையில் எழுதி வைக்கலாம். இன்ஷூரன்ஸ் படிவங்களைச் சங்க அலுவலகத்திலேயே நிரப்பித் தரலாம். இதற்குப் பெரும் பொருட்செலவில்லை.

கடுகு போவதை ஆராய்ந்து பூசணிக்காயைப் பறிகொடுப்பது சிக்கனம் ஆகாது. அந்த இளைஞர் இன்று அதே நெசவாளரின் வீட்டில் அமர்ந்து தார் சுற்றுகிறார். இருவரிடையே பகை இல்லை. ஆனால் ஒருவருக்குக் கால் இல்லை, மற்றவருக்குக் கடன் தீரவில்லை. அடுத்த மழைக்காலத்திற்கு முன் நம் சங்கங்கள் விழித்துக்கொள்ளுமாயின், இன்னொரு வீட்டுக்கு இக்கதி நேராமல் காக்கலாம்.