விளையாடப் போன பிள்ளை

"பொழுதுபட முதல் வீட்டை வந்திடு" என்று பிள்ளைக்குச் சொல்லாத தாய் எங்களுக்குள் யார்? போர்க்காலத்தில், விளையாடப் போன பிள்ளை திரும்பி வரும்வரை படலையடியில் நின்றவர்கள் நாங்கள். என் தம்பிக்குத் துடுப்பாட்டம் என்றால் சாப்பாடும் வேண்டாம். 2009இல் வன்னியில் அவன் காணாமற்போனான். அதனால் என் மகன் பந்தைத் தூக்கியபோது எனக்கு மகிழ்ச்சியை விடப் பயமே வந்தது.

"அம்மா, எங்கட பள்ளிக்கூடத்தில கடினப்பந்து அணி இல்லை. கழகத்துக்குப் போகட்டோ?" என்று கேட்டான். அவனுக்கு வயது பதின்மூன்று.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் துடுப்பாட்டம் பெரிய கல்லூரிகளில் வளர்ந்தது. யாழ். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான போட்டி 1904இல் தொடங்கியது. புனித பத்திரிசியார் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் 1917இல் மோதத் தொடங்கின. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு மைதானமும் பயிற்றுநரும் உண்டு. சிறிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ஒழுங்கையும் மென்பந்துமே மிச்சம்.

அந்தப் பிள்ளைக்குக் கைகொடுப்பது ஊர்க் கழகம்தான். கடினப்பந்துக்குப் பாட், கிளவுஸ், ஹெல்மெற் எல்லாம் வேண்டும். தனியே உழைத்துக் குடும்பம் பார்க்கும் ஒரு பெண்ணால் இவற்றை வாங்க முடியுமா? கழகத்தின் ஒரு பையிலுள்ள பொருட்களைப் பத்துப் பிள்ளைகள் மாறி மாறிப் பாவிக்கலாம். யாழ். மாவட்டத் துடுப்பாட்டச் சங்கமும் கழகங்களை நம்பியே நிற்கிறது. கழகங்கள் இல்லையென்றால் சங்கத்துக்குப் போட்டியும் இல்லை, புதிய வீரரும் இல்லை. ஜொனியன்ஸ், சென்றலைட்ஸ் போன்றவை பழைய மாணவர்களின் கழகங்கள். கொக்குவில் கே.சி.சி.சி. சனசமூக நிலையத்தோடு சேர்ந்து வளர்ந்தது. சனசமூக நிலையம் என்றால் அது ஊரின் சொத்து. அதில் எங்களுக்கும் பங்குண்டு.

யாழ். மத்திய கல்லூரி மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் விளையாடினார். 2024இல் ஐ.பி.எல். போட்டியில் ஹைதராபாத் அணிக்குப் பந்து வீசினார். அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கைச் சிறுவர்கள் எல்லாரும் சுழற்பந்து வீச்சாளர்கள்தான்!

நான் கழகச் செயலாளரைச் சந்தித்தேன். "பயப்படாதேங்கோ அக்கா. ஆறு மணிக்கு முன்னம் பெரிய பெடியள் கொண்டந்து விடுவினம்" என்றார். சொன்னபடியே செய்தார்கள். படலையடியில் நிற்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் நிற்கும் நேரம் குறைந்துவிட்டது.

கழகத்தின் பொதுக்கூட்டத்துக்குப் போனபோதுதான் ஒரு குறையைக் கண்டேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். தேநீர் கொடுக்க வந்தவள் என்று நினைத்து, தட்டத்தை என்னிடம் நீட்டினார்கள். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து, "எங்கட பெட்டையள் எப்ப விளையாடுறது?" என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். 2024 ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது இலங்கைப் பெண்கள் அணி என்பதை நினைவூட்டினேன். சிரிப்பு அடங்கியது. சனிக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம் பெண்பிள்ளைகளுக்கு என்று முடிவாயிற்று. முதல் வாரம் வந்தது நான்கு பேர். இப்போது பதினொரு பேர் வருகிறார்கள். முறை வைத்து இரண்டு தாய்மார் மைதானத்தில் இருக்கிறோம்.

சகோதரிகளே, பிள்ளையை அனுப்புமுன் கேளுங்கள். கழகம் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யப்பட்டதா? பயிற்சிக்குப் பொறுப்பு யார்? எத்தனை மணிக்கு முடியும்? கேட்பதோடு நில்லாமல் நீங்களும் சந்தா கட்டி அங்கத்தவராகுங்கள். நாங்கள் வெளியே நின்று பயப்படுவதை விட, உள்ளே இருந்து எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நல்லதல்லவா?