கங்காணியின் கண்ணும் எமது கால்களும்

கொழுந்து பறித்த எவரையும் கேட்டுப் பாருங்கள். கங்காணி நிரைக்குப் பக்கத்தில் நிற்கும்போது கை ஓடும் வேகம் ஒன்று, அவர் அடுத்த மலைக்குப் போனபின் ஓடும் வேகம் வேறொன்று. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தன்னை ஒருவர் பார்க்கிறார் என்று தெரிந்தால் மனிதர் உடலை வேறுவிதமாக அசைக்கிறார்கள். பள்ளிப் பிள்ளையும் அப்படித்தான், பூசைக்கு நிற்கும் குருவும் அப்படித்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. லயத்தையும், அதன் அருகே லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட துண்டு நிலத்தையும் விட்டு வந்த குடும்பங்களை நாம் சந்தித்து வருகிறோம். அவர்களில் நாற்பத்தெட்டு வயதுத் தாய் ஒருவர் சொன்னார்: “அங்க இருந்தப்ப விடியவே பெரட்டுக்குப் போவேன் சாமி. வந்து தோட்டத்துல மண்ணு கொத்துவேன். இப்ப யாரு எனக்குப் பேரு போடப் போறா? உக்காந்தே கெடக்கேன். கிளினிக்குல சீனி கூடிருச்சுன்னு சொல்றாங்க.”

“யாரு பேரு போடப் போறா” என்ற அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. கோப்பிக் காலத்திலிருந்தே தோட்டத்தில் எமது மக்களின் நடை பிறருடைய கணக்கில்தான் நடந்தது. பெரட்டில் பெயர் பதிய வேண்டும். மலை ஏற வேண்டும். கொழுந்தை நிறுவைக்குக் கொண்டுவர வேண்டும். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். ஒரு நாளில் எத்தனை முறை மலை ஏறி இறங்கினோம் என்று நாம் எண்ணியதில்லை, எண்ண வேண்டியும் இருக்கவில்லை. கூடை முதுகை வளைத்தது, மழை நெஞ்சைக் குளிர வைத்தது. அந்த வேலையைச் சுகம் தரும் வேலை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் கால்கள் நடந்தன. மரக்கறித் தோட்டம் வைத்திருந்தவர்களுக்கும் அப்படியே. அங்கே கங்காணி இல்லை, வாடும் பயிர்தான் கண் வைத்திருந்தது. இப்போது அந்த இரண்டு கண்களும் இல்லை. நாற்பது, ஐம்பது வயதில், உடல் சீனியையும் கொழுப்பையும் சேர்த்துவைக்கத் தொடங்கும் பருவத்தில், நடை திடீரென நின்றுவிட்டது.

பார்க்கப்படுவதைப் பற்றி அமெரிக்காவில் பெரிய ஆராய்ச்சி ஒன்று நடந்தது. சிகாகோவுக்கு அருகே ஹாதோர்ன் என்ற தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில், 1924 முதல் 1932 வரை, எப்படிச் செய்தால் வேலை கூடும் என்று பார்த்தார்கள். வெளிச்சத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், இடைவேளை கொடுத்தார்கள். எதைச் செய்தாலும் உற்பத்தி கூடியது, ஏனெனில் தாங்கள் கவனிக்கப்படுவது தொழிலாளருக்குத் தெரிந்திருந்தது என்று நெடுங்காலம் பாடம் சொல்லப்பட்டது. பின்னாளில் அந்தப் பழைய கணக்குகளை மீண்டும் பார்த்தவர்கள், பேசப்பட்ட அளவுக்கு அங்கே மாற்றம் இல்லை என்று எழுதினார்கள். பாடப் புத்தகங்களில் அதிகம் வராத ஒரு செய்தியும் உண்டு. தனி அறையில் வைத்துக் கவனிக்கப்பட்ட பெண்களில் இருவர், வேலை நேரத்தில் அதிகம் பேசுகிறார்கள் என்று 1928இல் வெளியேற்றப்பட்டு வேறு இருவர் அமர்த்தப்பட்டார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதாக இராது.

எமக்கு அதிகம் பயன்படும் ஆராய்ச்சி வேறு. இடுப்பில் செருகினால் எடுத்துவைக்கும் அடிகளை எண்ணும் சிறு கருவி உண்டு. ஜப்பானில் 1965இல் இதை விற்றபோது “பத்தாயிரம் அடி அளவி” என்று பெயர் வைத்தார்கள். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான், எந்த வைத்தியரும் அளந்து சொன்னதல்ல. இக்கருவியைப் பற்றிய 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2007இல் ஒரு கணக்கு வெளிவந்தது. அவற்றில் பங்குபற்றிய 2,767 பேரில் பெரும்பாலானோர் பெண்கள், சராசரி வயது 49. கருவியை அணிந்தவர்களின் நடை முன்னிருந்ததைவிடக் கால்பங்குக்குச் சற்றுக் கூடுதலாக உயர்ந்தது. அதிலும், இன்று இத்தனை அடி என்று ஒரு குறியை வைத்துக்கொண்டவர்களுக்கே பலன் கிடைத்தது. அங்கே எண்ணிக்கையைப் பார்த்தவர் அதை அணிந்தவர்தான்.

ஆனால் புதுமை தேயும். முதல் நாட்களில் கருவியை நினைத்து நடப்பவர், அது பழகியதும் தம் பழைய நடைக்கே திரும்பிவிடக்கூடும்.

எமது தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். இடம்பெயர்ந்தோர் மத்தியில் நாமே ஒரு கொப்பி போட்டோம். யார் எவ்வளவு நடந்தார் என்று எழுதி, ஞாயிறு பூசைக்குப் பின் பெயர்களை வாசித்தோம். இரண்டு வாரம் எல்லோரும் நடந்தார்கள். பிறகு, நாம் மகிழ்வதற்காக எண்ணிக்கைகள் கூடின, கால்கள் கூடவில்லை. குறைவாக நடந்தவர்கள் கோயிலுக்கு வருவதையே தவிர்த்தார்கள். ஓர் அம்மா முகத்துக்கு நேரே சொன்னார்: “இது செக்ரோல் மாதிரி இருக்கு சாமி.” நிவாரணப் பட்டியலுக்காக ஏற்கெனவே பத்துத் தடவை எண்ணப்பட்ட மக்கள் அவர்கள். கொப்பியை அன்றே மூடினோம்.

இப்போது வேறு வழியில் முயல்கிறோம். கருவி வேண்டாம். வேகமான நடையில் பத்து நிமிடம் போய்வந்தால், தகரப் பேணியில் ஒரு போஞ்சி விதை. வாரத்துக்குப் பதினைந்து விதை சேர்ந்தால், உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவான 150 நிமிடம் நிறைந்துவிடும். பேணி வீட்டுக்குள்ளேயே இருக்கும், யாரும் கேட்கமாட்டோம். அதோடு பக்கத்துக் கொட்டிலில் ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். “வர்றியா அக்கா?” என்று வாசலில் நிற்கும் ஒருவருக்காக எழும்பாதவர் குறைவு. அவரும் ஒரு கண்தான், ஆனால் அவரால் உங்கள் பேரை வெட்ட முடியாது.

இன்னும் மலைக்குப் போய்ப் பறிப்பவர்களுக்கு இது வேண்டியதில்லை, அவர்களுக்கு வேண்டியது ஓய்வு. மற்றவர்கள், 35 வயதைத் தாண்டியிருந்தால், சுகாதார நிலையத்தில் சீனியையும் பிரஷரையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சீனி உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். மாலையில் பாதத்தைத் திருப்பி, புண் இருக்கிறதா என்று பாருங்கள். குனியமுடியாவிட்டால் வீட்டுப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் அங்கேயே உட்கார்ந்து, ஆளை அனுப்பி, தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.